சொந்தப் பட்டி: பிளாஸ்டிக் மாதிரிகளின் இடைவெளிகளும் நம் கடைவீதிப் பொருள்களும்

சூலூர் விமானப்படைத் தளத்தில் 2020 முதல் சில ஆண்டுகள் தேஜஸ் ஓட்டிய 18ஆம் படையணி, 1971 போரில் நேட் என்ற சிறு போர்விமானத்தை ஓட்டிய அணி. விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா விருதுக்குரிய நிர்மல் ஜித் சிங் சேகோன் அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே பறந்தது இந்த அணியின் நேட்டில்தான். கொங்கு நாட்டிலும் சேலம் வட்டாரத்திலும் பிளாஸ்டிக் மாதிரி செய்யும் ஒருவருக்கு அந்த விமானத்தின்மேல் ஆசை வருவது இயல்பு. உண்மையான நேட்டின் இறக்கை நுனிக்கு நுனி 6.73 மீட்டர். மாதிரிகளில் பெரிதும் புழங்கும் 1:72 அளவில் அது 9.3 சென்டிமீட்டர்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

சிறிய பொருளில் சிறிய குறை பெரிதாகத் தெரியும். 1:72 அளவில் இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், அது நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர் பிளவுக்குச் சமம். விரல் நுழையும் பிளவோடு எந்த விமானமும் ஓடுபாதைக்கு வராது. 1:350 அளவுள்ள கப்பல் மாதிரியில் அதே அரை மில்லிமீட்டர் 17.5 சென்டிமீட்டராகிவிடும். வண்ணம் இதை மறைக்காது. மாதிரியின்மேல் படியும் வண்ணப் படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனமே உள்ளது. உண்மையில் வண்ணம் பூசிய பிறகுதான் பிளவு துலக்கமாகத் தெரியும்.

ஆகவே உலகெங்கும் மாதிரி செய்பவர்கள் பிளவை அடைக்க, பட்டி எனப்படும் நிரப்பி ஒன்றைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஜப்பான், ஸ்பெயின், பிரிட்டன் நாட்டுப் பட்டிகள் சின்னச் சின்னக் குழாய்களில் வருகின்றன. சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தில் இருக்கும் ஒருவர் அவற்றை அஞ்சலில் வரவழைக்க வேண்டும். விலையும் அதிகம், திறந்த குழாய் சில மாதங்களில் காய்ந்தும் போகும். அப்படியானால் இந்த ஊர்க் கடைவீதியில் கிடைப்பதைக் கொண்டு நிரப்பி செய்துகொள்ள முடியுமா? முடியும் என்றால் எது எங்கே பொருந்தும், எது பொருந்தாது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை முழுதாக எடுத்துப் பார்க்கிறது. என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் செய்யும் நிரப்பி பல இடங்களில் கடைப் பட்டியைவிட மேலானது. ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தும் நிரப்பி என்று ஒன்று கிடையாது. இடைவெளியின் இயல்பை முதலில் படித்தவருக்கே நிரப்பி பயன்படும்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது

உலகின் முதல் பிளாஸ்டிக் விமானக் கிட்டுகளை, அதாவது சேர்த்துச் செய்யும் பாகத் தொகுப்புகளை, 1936இல் பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம் பென்குயின் என்ற பெயரில் வெளியிட்டது. அவை செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. காலப்போக்கில் வளைந்து நெளியும் குணம் அந்தப் பொருளுக்கு இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் வந்தது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட கோல்டன் ஹைண்ட் கப்பல் முதல் இன்றுவரை கிட்டுகளின் அடிப்படைப் பொருள் அதுதான். இந்தியாவில் 1957இலேயே பாலிஸ்டைரீன் உற்பத்தி தொடங்கிவிட்டது. நமக்கு அது புதிய பொருள் அல்ல.

உருக்கிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி ஆறவிடுகிறார்கள். ஆறும்போது அது ஆயிரத்துக்கு நாலிலிருந்து ஏழு பங்குவரை சுருங்கும். அச்சு செய்பவர் அதைக் கணக்கில் கொண்டுதான் அச்சை வெட்டுகிறார். ஆனால் தடித்த பகுதியும் மெலிந்த பகுதியும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. தடித்த இடத்தின் மேற்பரப்பு உள்வாங்கிப் பள்ளமாகிறது, நீண்ட பாகம் லேசாக வளைகிறது. ஆறிய பாகத்தை அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகள் வட்டத் தழும்பு விடுகின்றன. பழைய அச்சுகள் தேய்ந்து விளிம்பு மழுங்குகின்றன. செக் நாட்டு நிறுவனங்கள் பலவும் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் கிட்டுகளில், பாகங்களை நேராகப் பொருத்த உதவும் குமிழும் குழியும் பெரும்பாலும் இருப்பதில்லை. நம் விமானப்படையில் நேட்டின் வாரிசான அஜீத்தைச் செய்ய விரும்புபவருக்கு அப்படிப்பட்ட கிட்டே கிடைக்கிறது.

இதிலிருந்து நாலு வகைக் குறைகளைப் பிரிக்கலாம். ஒன்று, மயிரிழைத் தையல்: இரு பாதிகள் சேரும் கோடு. இரண்டு, திறந்த பிளவு: இறக்கை அடியிலோ வால் பகுதியிலோ கால் மில்லிமீட்டருக்கு மேல் விரியும் இடைவெளி. மூன்று, பள்ளம்: சுருங்கிய குழியும் ஊசித் தழும்பும். நாலு, படி: ஒரு பாகம் மற்றதைவிட உயர்ந்து நிற்பது. நாலாவதை நிரப்பியால் மட்டும் தீர்க்க முடியாது, உயர்ந்த பக்கத்தைத் தேய்த்தும் ஆக வேண்டும்.

பசை போடுமுன் பாகங்களை வெறுமனே சேர்த்துப் பார்த்து, தடுக்கும் இடத்தை அரத்தால் சீவி, வளைந்ததை நிமிர்த்தினால் பாதி இடைவெளிகள் அங்கேயே மறைந்துவிடும். நிரப்பிக்குச் செலவிடும் நேரத்தைவிட இதற்குச் செலவிடும் நேரம் எப்போதும் பலன் தரும்.

நிரப்பி என்றால் என்ன

பெரும்பாலான நிரப்பிகளில் இரண்டு பங்காளிகள் உண்டு. ஒன்று பிடிமானம் தரும் பசை, மற்றது இடத்தை அடைக்கும் பொடி. பசை மட்டும் இருந்தால் சுருங்கும், வழியும். பொடி மட்டும் இருந்தால் உதிரும். இந்த அறிவு நம்மிடம் பழையது. தஞ்சாவூர் ஓவியத்தின் புடைப்பு வேலைக்குச் சுண்ணப் பொடியும் பசையும் சேர்கின்றன. சுவாமிமலைச் சிற்பி தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துத் தனக்கு வேண்டிய இறுக்கத்தைப் பெறுகிறார். தச்சர் இழைத்த மரத்தூளையே பசையில் குழைத்து அதே மரத்தின் ஓட்டையை அடைக்கிறார். ஜலகண்டாபுரம் போன்ற நெசவு ஊர்களில் பாவுக்குக் கஞ்சி போடும்போது பார்க்கும் கெட்டிப் பதமும் இதே கணக்குத்தான்.

நிரப்பி இறுகும் வழியும் இரண்டு. கரைப்பானோ தண்ணீரோ ஆவியாகிப் போய் இறுகுவது ஒன்று. வேதிவினையால் உள்ளுக்குள்ளேயே இறுகுவது மற்றது. ஆவியாகி இறுகும் நிரப்பி போனதன் அளவுக்குச் சுருங்கும். ஒரு பங்கு பிளாஸ்டிக்கும் மூன்று பங்கு கரைப்பானும் சேர்ந்த கூழில் முக்கால் பங்கு காற்றில் போய்விடும். வினையால் இறுகும் நிரப்பி அவ்வளவாகச் சுருங்காது, ஆனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடக்கூடும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் கீழே வரும் எல்லாப் பரிந்துரைகளும் தாமே விளங்கும்.

கரைத்த பிளாஸ்டிக்

கிட்டில் பாகங்களைத் தாங்கி நிற்கும் சட்டக் குச்சிக்கு ஸ்ப்ரூ என்று பெயர். பாகத்தை வெட்டி எடுத்ததும் அது குப்பைக்குப் போகும். அதையே பொடியாக நறுக்கிக் கரைப்பானில் ஊறவைத்தால் வருவதுதான் வீட்டு நிரப்பிகளில் முதன்மையானது.

செய்முறை எளிது. காலியான நகப்பூச்சுக் கண்ணாடிக் குப்பியை நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். மூடியோடு தூரிகையும் இருப்பதால் அது வசதி. மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்ப்ரூ துண்டுகளைப் போட்டு, மூழ்கும் அளவுக்குக் கரைப்பான் ஊற்றி, ஓர் இரவு விட்டு, குச்சியால் கலக்க வேண்டும். கம்பிப் பதப் பாகு போல இழுபட்டால் திறந்த பிளவுக்கு ஆகும். மயிரிழைத் தையலுக்கு இன்னும் நீர்க்க இருக்க வேண்டும். இரண்டு பதத்துக்கும் இரண்டு குப்பி வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கரைப்பான் என்பதில்தான் வேறுபாடு. மாதிரிகளுக்கென்றே விற்கும் மெல்லிய திரவப் பசையில் பியூட்டைல் அசிடேட்டும் அசிட்டோனும் இருக்கின்றன. அது சீராக வேலை செய்யும், ஆனால் விலை கூடுதல். தனி அசிட்டோன் பாலிஸ்டைரீனை முழுதாகக் கரைப்பதைவிட ஊதவைத்துப் பிசினாக்கும் குணமே அதிகம் கொண்டது. 56 டிகிரியில் கொதித்துவிடும் திரவம் அது. வைத்த மாத்திரத்தில் மேல்தோல் இறுகி, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். எத்தில் அசிடேட் 77 டிகிரியிலும் பியூட்டைல் அசிடேட் 126 டிகிரியிலும் கொதிப்பவை. மெதுவாகப் போவதால் கூழ் நன்றாகப் பாய்ந்து உட்காரும். நகப்பூச்சு நீக்கிகளில் சிலவற்றில் அசிட்டோனும் சிலவற்றில் எத்தில் அசிடேட்டும் இருக்கும். எண்ணெயும் நறுமணமும் சேர்ந்தவை பிசுபிசுப்பை விட்டுச் செல்லும், ஆகவே குப்பியின் உள்ளடக்கத்தைப் படித்து வாங்க வேண்டும்.

பெயிண்ட் கடைத் தின்னர் பல கரைப்பான்களின் கலவை. பாலிஸ்டைரீனை வேகமாகக் கரைக்கும், ஆனால் இந்த டின்னில் இருந்த கலவை அடுத்த டின்னில் இருக்கும் என்ற உறுதி இல்லை. தண்ணீர்க் குழாய் ஒட்டும் பிவிசி சொல்யூஷன் எந்த ஹார்ட்வேர்ஸ் கடையிலும் உண்டு. பக்கத்து மேட்டூரில் 1967 முதல் பிவிசி உற்பத்தி நடப்பதால் அந்தப் பொருள் இப்பகுதிக்கு நெருக்கமானதும்கூட. ஆனால் அதில் கரைந்திருப்பது பிவிசி. அது பாலிஸ்டைரீனோடு ஒன்றாகக் கலக்காது, இறுகிய பிறகு தனித் தோலாக உரியக்கூடும். பெட்ரோலில் தெர்மோகோலைக் கரைப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வேடிக்கை. அதை நிரப்பியாக்கும் யோசனையை முழுதாகக் கைவிட வேண்டும். தீப்பிடிக்கும் ஆபத்தோடு பென்சீன் நச்சும் அதில் இருக்கிறது.

ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் உள்ள லிமோனீனும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். தெர்மோகோலை மறுசுழற்சி செய்ய ஜப்பானின் சோனி நிறுவனம் இதைக் கொண்டே ஒரு முறையை உருவாக்கியது. மணம் கடுமையில்லாதது. ஆனால் 176 டிகிரியில் கொதிக்கும் திரவம் என்பதால் தடித்த நிரப்பு நெடுநாள் மென்மையாகவே கிடக்கும்.

ஸ்ப்ரூ தீர்ந்துவிட்டால் வேறு பாலிஸ்டைரீன் எங்கே கிடைக்கும்? பழைய சிடி பெட்டிகளின் கண்ணாடி போன்ற மூடி தூய பாலிஸ்டைரீன். முக்கோணத்துக்குள் 6 என்ற எண் பொறித்த பொருளும் அதுவே. தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் தெர்மோகோலும் அதுதான், ஆனால் அதன் கன அளவில் ஏறக்குறைய 98 விழுக்காடு காற்று. ஒரு கூடை தெர்மோகோல் ஒரு சிறு உருண்டையாகச் சுருங்கிவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மோகோல் தட்டுக்கும் குவளைக்கும் தடை இருப்பதால் பொதியுறைத் தெர்மோகோலே மிச்சம். இவற்றுக்கும் கிட் பிளாஸ்டிக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கிட்டுகளில் உடையாமல் வளைய ரப்பர் கலந்த பாலிஸ்டைரீன் சேர்ந்திருக்கும். சிடி மூடியும் தெர்மோகோலும் ரப்பர் கலக்காதவை. அவற்றால் செய்த நிரப்பி மொறுமொறுப்பாக இறுகி, கோடு கீறும்போது சில்லுச் சில்லாகப் பெயரும். ஆகவே அந்தந்தக் கிட்டின் ஸ்ப்ரூவே முதல் தேர்வு.

இந்த நிரப்பியின் பெரும் பலம், இறுகிய பிறகு அது நிரப்பியாக இருப்பதில்லை என்பது. மாதிரியின் பிளாஸ்டிக்காகவே ஆகிவிடுகிறது. உப்புத்தாளில் அதே வேகத்தில் தேய்கிறது. விமானத் தகட்டின் இணைப்புக் கோட்டை அதன்மேல் மறுபடி கீறினால் விளிம்பு உடையாமல் கோடு விழுகிறது. கடைப் பட்டிகள் பலவற்றால் இதைச் செய்ய முடியாது. பலவீனம், காலம். மெல்லிய பூச்சுக்கு ஒரு நாள், தடித்ததற்குப் பல நாள் வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் அன்று சமமாகத் தெரியும் பரப்பு, உள்ளே இருந்த கரைப்பான் வெளியேறிய பிறகு மெல்லப் பள்ளமாகும். வண்ணம் அடித்து அலமாரியில் வைத்த மாதிரியில் மாதங்கள் கழித்துத் தையல் கோடு மறுபடி எழுவதன் காரணம் இதுவே. தடித்த நிரப்பை ஒரே தடவையில் வைத்தால் கரைப்பான் கீழிருக்கும் மெல்லிய சுவரையும் இளக்கிக் குழியவைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகு அடுத்ததை வைப்பதே முறை.

நொடிப்பசையும் மாக்கல் பொடியும்

ஹாரி கூவர் 1942இல் கோடாக் நிறுவனத்தில் சயனோஅக்ரிலேட்டைக் கண்டபோது எதிலும் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கிவைத்தார். 1951இல் அதன் பயனை உணர்ந்தார்கள், 1958இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று ஃபெவிக்விக் என்ற பெயரில் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. காற்றின் ஈரமோ காரத்தன்மையோ பட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுகுகின்றன.

பிளவில் ஒரு துளி விட்டு அதன்மேல் ஆப்பசோடாவைத் தூவினால் கண்ணிமைக்கும் நேரத்தில் கல்லாகிவிடும். சோடாவின் காரத்தன்மை வினையை முடுக்கிவிடுவதே காரணம். வேகம் கவர்ச்சியானது, ஆனால் மாதிரிக்கு நல்லதல்ல. இறுகியது பாலிஸ்டைரீனைவிடக் கடினம். உப்புத்தாள் அதை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், நடுவில் மேடு நிற்கும்.

சோடாவுக்குப் பதில் டால்க் பொடி சேர்த்தால் நிலைமை மாறுகிறது. டால்க் என்பது நம் கல்சட்டிக்கு ஆகும் மாக்கல்லின் முதன்மைக் கனிமம். கடினத்தன்மை அளவுகோலில் முதல் படியில், எல்லாவற்றிலும் மென்மையானதாக நிற்பது. சேலம் வட்டாரத்து மாக்கல்லில் குடைந்த கல்சட்டிகள் தமிழ்நாடு முழுக்கச் சமையலறைகளில் இருந்தவை. அந்தக் கனிமத்தின் மென்மைதான் இங்கே உதவுகிறது. பசையின் கடினத்தை அது தணித்துத் தேய்க்க இலகுவாக்குகிறது. பழைய சிடியின்மேல் இரண்டு துளி பசையை விட்டு, அதே அளவு பொடியைப் பல்குச்சியால் குழைத்து உடனே வைக்க வேண்டும். சில நிமிடம் வேலை நேரம் கிடைக்கும். முழுக் கடினம் வருமுன், ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுவது நல்லது. மறுநாள்வரை விட்டால் கஷ்டம்.

இங்கே கடையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குழந்தைகளுக்கான பவுடர்களில் பல இப்போது சோள மாவால் ஆனவை. மாவு ஈரத்தில் ஊதும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும்போது நிரப்பி பொங்கும். உள்ளடக்கத்தில் டால்க் என்று இருப்பதே வேண்டும்.

இந்த நிரப்பி சுருங்குவது மிகக் குறைவு. ஊசித் தழும்புக்கும் பள்ளத்துக்கும் இதைவிடச் சிறந்தது வீட்டில் இல்லை. ஆனால் விமானி அமரும் கண்ணாடிக் கூண்டின் அருகே கொண்டுபோகக் கூடாது. பசையின் ஆவி கண்ணாடியின்மேல் வெண்படலமாகப் படியும்.

தண்ணீரில் கரையும் பட்டி

விமானியின் கண்ணாடிக் கூண்டின் விளிம்புக்கு ஏற்றது 1959இல் வந்த ஃபெவிகால். வெள்ளைப் பசையும் டால்க்கும் குழைத்துப் பிளவில் தடவி, ஈரத் துணியை விரலில் சுற்றி ஒரே இழுப்பில் வழித்துவிட்டால் பிளவுக்குள் மட்டும் தங்கும். தேய்க்க வேண்டிய தேவையே இல்லை. நச்சு ஆவி கிடையாது. பிடிக்காவிட்டால் காயுமுன் கழுவிவிட்டு மறுபடி செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்கது இது ஒன்றுதான்.

எல்லையும் தெளிவு. தண்ணீர் போவதால் சுருங்கும், இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டிவரும். இறுகியது ரப்பர் போல இருப்பதால் உப்புத்தாளில் தேயாமல் சுருளும். ஆகவே இறக்கை அடி, கூண்டின் விளிம்பு போன்ற உள்மூலைகளுக்கு மட்டும் இது. திறந்த பரப்பில் ஓடும் தையலுக்கு ஆகாது. சுவருக்குப் பூசும் வெள்ளைச் சிமெண்டுப் பட்டியும் ஆகாது. வழவழப்பான பிளாஸ்டிக்கை அது பற்றுவதில்லை.

லாரிப் பட்டறையின் பட்டி

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு கொடை உண்டு. நாமக்கல் லாரிக்கும் டேங்கருக்கும் பாடி கட்டும் ஊர். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. டிங்கர் வேலை முடிந்த தகட்டின்மேல் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி பட்டி பார்க்கும் கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மாதிரி செய்பவர் பிளாஸ்டிக்கின்மேல் செய்வதும் இதே வரிசையில் இதே வேலைதான்.

அங்கே புழங்கும் பட்டிகள் இரண்டு வகை. ஒன்று என்சி பட்டி: நைட்ரோசெல்லுலோஸும் கனிமப் பொடியும் கரைப்பானில் குழைந்தது. பிளாஸ்டிக் மாதிரிகளுக்காக வெளிநாட்டில் விற்கும் குழாய்ப் பட்டிகளில் பலவும் இதுபோலக் கரைப்பான் ஆவியாகி இறுகுபவையே. மெல்லிய கீறலுக்கும் ஆழமில்லாத தையலுக்கும் நல்லது, ஆழத்தில் சுருங்கும், வெடிக்கும். காயுமுன் அசிட்டோன் இல்லாத நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பிளவுக்கு வெளியே உள்ளது போய்விடும். தேய்ப்பதால் அழியக்கூடிய நுண்ணிய ஆணித்தலை வேலைப்பாடுகள் பிழைக்கும்.

மற்றது இரண்டு பொருளைக் கலக்கும் பாலியஸ்டர் பட்டி. அதில் பொடியாக இருப்பது டால்க், கூழை நீர்க்கச் செய்திருப்பது ஸ்டைரீன். அதாவது நம் மாதிரியின் பிளாஸ்டிக் எதிலிருந்து உண்டாகிறதோ அதே மூலப்பொருள். அது பாலிஸ்டைரீனின் மேற்பரப்பை லேசாக இளக்கிப் பற்றிக்கொள்வதால் பிடிமானம் உறுதி. நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் இறுக்கி சேர்த்தால் போதும். சுருங்குவது குறைவு, அரைமணி நேரத்தில் தேய்க்கலாம், பரந்த பள்ளத்துக்குச் சிறந்தது. ஆனால் மெல்லிய சுவரின்மேல் தடிப்பாக வைத்தால் ஸ்டைரீனும் வினையின் வெப்பமும் சேர்ந்து பாகத்தை வளைக்கும். பட்டறையில் பெரிய டின் வாங்குபவரிடம் ஓர் எலுமிச்சை அளவு கேட்டு வாங்கினால் ஒரு மாதிரிக்கு மிஞ்சும்.

குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீல் எப்பாக்சி வகை. சுருங்காது, ஈரவிரலால் தடவி உருவம் கொடுக்கலாம். மணல்போன்ற அதன் திண்மை காரணமாக விளிம்பு மெலிந்து மறையாது. வெளியே தெரியாத பெரிய பொந்தை அடைத்து வலுவூட்ட அது சரி. மேற்பரப்புக்கு மேலே வேறொன்று வைக்க வேண்டும்.

கரைக்காமலே நிரப்புதல்

அகலமான பிளவுக்கு எந்தக் கூழும் முதல் மருந்து அல்ல. ஸ்ப்ரூ துண்டு ஒன்றை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாமல் பிடித்துத் திருப்பினால், 100 டிகிரிக்கு மேல் அது இளகிப் பளபளக்கும். உடனே விலக்கி இரு முனையையும் சீராக இழுத்தால் நூலாகும். வேகமாக இழுத்தால் மெலிந்த நூல், நிதானமாக இழுத்தால் தடித்த நூல். பிளவின் அளவுக்கு ஏற்ற நூலை உள்ளே பதித்துத் திரவப் பசை தொட்டு, காய்ந்ததும் மேலே நிற்பதைச் சீவிவிட வேண்டும். பிளவின் பெரும்பகுதியைத் திடப்பொருளே அடைத்துவிட்டதால் சுருங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. மிஞ்சும் மயிரிழைக்கு நீர்த்த ஸ்ப்ரூ கூழ் ஒரு பூச்சு போதும். செலவில்லாத இந்த இரட்டை முறையைத்தான் எல்லாவற்றிலும் உறுதியானதாகக் கருதுகிறேன்.

நம் வெயிலும் மழையும்

வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும் காயும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சேலம் வட்டாரத்தில் கோடை நண்பகல் 40 டிகிரியை நெருங்கும். அப்போது அசிட்டோன் கூழின் மேல்தோல் உடனே மூடிக்கொள்ளும், உள்ளே குமிழி விழும். கோடையில் இந்த வேலைக்கு விடிகாலையும், மெதுவாகப் போகும் கரைப்பானும் ஏற்றவை. ஐப்பசி மழையில் வேகமாக ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுக்கும். நொடிப்பசைக்கு நிலைமை தலைகீழ்: ஈரநாளில் விரைவாகவும் வறண்ட நாளில் மந்தமாகவும் இறுகும். திறந்த குழாயைக் காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் ஆயுள் கூடும். காயட்டும் என்று மாதிரியை வெயிலில் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். மூடிய காருக்குள்ளும் தகரக் கூரைக்கடியிலும் மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

உடல்நலம்

தறிக்கூடத் தூசியை அறிந்த ஊருக்குத் தூசியின் தீமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டு மேசையில் செய்வது விளையாட்டு என்ற நினைப்பில் கவனம் தளர்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024இல் டால்க்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் மிகுந்தவற்றின் பட்டியலில் சேர்த்தது. பொடியைத் தூவாமல் பசைக்குள் மெல்லக் கவிழ்த்துக் குழைப்பதும், தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் தூசியை எழவிடாது. முகக்கவசம் கட்டாயம்.

கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தூரத்து நெருப்பைத் தொடும். சமையலறையிலும் பூசை விளக்குக்கு அருகிலும் குப்பியைத் திறக்கக் கூடாது. ஸ்ப்ரூ நூல் இழுக்கும் மெழுகுவத்தியும் கரைப்பான் குப்பியும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் இருக்கவே கூடாது. குளிர்பானப் பாட்டிலில் தின்னர் வைப்பது குழந்தைகள் இருக்கும் வீட்டில் உயிருக்கே ஆபத்து. கண்ணாடிக் குப்பி, பெயர்ச்சீட்டு, பூட்டிய அலமாரி என்ற மூன்றும் வேண்டும். ஃபெவிகால் பட்டி தவிர மற்றவை திறந்த ஜன்னல் அருகில் செய்யத்தக்கவை. சிறுவர்கள் செய்யும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

எதற்கு எது

மயிரிழைத் தையலுக்கு நீர்த்த ஸ்ப்ரூ கூழ். கோடு மறுபடி கீற வேண்டிய இடத்துக்கும் அதுவே. அகலப் பிளவுக்கு இழுத்த நூலும் அதன்மேல் கூழும். ஊசித் தழும்புக்கும் சிறு பள்ளத்துக்கும் நொடிப்பசையும் டால்க்கும். பரந்த பள்ளத்துக்குப் பாலியஸ்டர் பட்டி, மெல்லிய அடுக்கில். கண்ணாடிக் கூண்டுக்கும் உள்மூலைக்கும் ஃபெவிகால் கலவை. தேய்ப்பது 400இல் தொடங்கி 600, 800, 1000 எண் வாட்டர் பேப்பராக ஏற வேண்டும். கடைசியில் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு அடித்தால், கண்ணுக்குத் தப்பிய குறை எல்லாம் தெரிந்துவிடும். பட்டறைக்காரர் அடிப்பதும் இதற்குத்தான்.

இந்த வரிசையை நம்பி நேராக மாதிரியில் இறங்குவதைவிட ஒரு சோதனைப் பலகை செய்வது மேல். பாலிஸ்டைரீன் துண்டு ஒன்றில் அரை மில்லிமீட்டரிலும் ஒரு மில்லிமீட்டரிலும் பள்ளங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு கலவையை நிரப்பித் தேதியும் பதமும் எழுதி, தேய்த்துப் பிரைமர் அடித்து வைக்க வேண்டும். மறுநாள், மறுவாரம், மூன்றாம் மாதம் என்று விளக்கொளியைச் சாய்வாக விழவைத்துப் பார்த்தால் எது சுருங்கியது, எது நின்றது என்பது கண்கூடு. கோடையில் ஒன்றும் மழைக்காலத்தில் ஒன்றும் செய்தால் நம் ஊருக்கேற்ற அட்டவணை கையில் இருக்கும்.

இதைத் தனி ஒருவர் பொழுதுபோக்காக மட்டும் நான் பார்க்கவில்லை. பாலிமர் கரைவது, ஆவியாவது, சங்கிலியாகக் கோத்து இறுகுவது, சுருங்குவது எல்லாம் மேல்நிலைப் பள்ளி வேதியியல் பாடம். ஒரு ஸ்ப்ரூ துண்டையும் ஃபெவிகாலையும் வைத்து ஆசிரியர் அதைக் கைக்கெட்டும் பாடமாக்கலாம். ஐடிஐயில் படிக்கும் மாணவர் லாரியின்மேல் பட்டி பார்க்கக் கைபழகுமுன் உள்ளங்கை அளவு மாதிரியில் பழகலாம். இறக்குமதிக் குழாய் இல்லாததால் மாதிரி செய்ய முடியவில்லை என்று ஜலகண்டாபுரத்துப் பிள்ளை ஒருவர் ஒதுங்க வேண்டியதில்லை. தேவையான பொருள் மருந்துக்கடையிலும் பெயிண்ட் கடையிலும் அவர் கிட் பெட்டியின் குப்பையிலுமே இருக்கிறது. அவர் கூடுதலாகக் கொண்டுவர வேண்டியவை பொறுமை, அளந்து கலக்கும் பழக்கம், செய்ததை எழுதிவைக்கும் நோட்டு ஆகிய மூன்றுதான்.